முந்நூறு வாக்கியம்

ராம் எட்டு ஜிபியா பதினாறா சார் என்று கடைப் பெண் கேட்கிறாள். பதினாறு என்கிறேன். சொன்ன மறு நொடியே முப்பத்திரண்டு என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று அரிக்கத் தொடங்குகிறது, பிறகு எட்டே போதுமோ என்று, ராத்திரி எட்டு மணியிலிருந்து விடியற்காலை நான்கு வரைக்கும் பிழை பார்த்துவிட்டு வருகிறவனுக்குப் பகலில் தன் வாயிலிருந்து வருவதும் பிழையாகத்தான் கேட்கும் போலிருக்கிறது. அவள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மூன்றாவதையும் எடுத்து வைக்கிறாள். மூன்று கருவிகள், மூன்றும் என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, மூன்றும் கறுப்பு. ஒன்று மூக்குக் கண்ணாடிக் கூடு மாதிரித் திறக்கிறது, மேல்பாதி திரை, கீழ்பாதியில் குட்டிக் குட்டியாய் விசைகள். இன்னொன்று விளையாடுவதற்கென்றே செய்தது, இரண்டு பக்கமும் கட்டைவிரல் வைத்துத் திருகக் குமிழ்கள், நடுவில் திரை. மூன்றாவது வெறும் பலகை, பாதிச் செங்கல் கனம். போன் இல்லையா சார் என்றாள் முதலில். போன் இல்லை. அப்ப டேப்லெட். அதுவும் இல்லை, கம்ப்யூட்டர், முழுக் கம்ப்யூட்டர், நான் போடுகிற நிரல் அதில் நான் சொன்ன மாதிரி ஓட வேண்டும், இன்டர்நெட் இல்லாமல் ஓட வேண்டும், ஆனால் இடுப்பில் செருகிக்கொள்கிற அளவு இருக்க வேண்டும். அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தாள். நாலு நாள் தாடி, தோளில் டிபன் டப்பா வைத்த துணிப்பை, சட்டைப் பையில் சிவப்புப் பேனா. ரிச்சி தெருவில் எல்லா மாதிரி ஆளையும் பார்த்திருப்பாள். பில்லுக்குப் பேரு சொல்லுங்க சார். தணிகாசலம். இன்னா வேலை சார்? பேப்பர்ல, பிழை திருத்தறேன். பேப்பர்ல இன்னும் அதெல்லாம் பாக்குறாங்களா, என்று அவள் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள், அதுதான் குத்தியது. கழுத்தில் தொங்கிய அட்டையில் ரெஜினா என்று இருந்தது. நான் மூன்றையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்ப்பதைக் கால் மணி நேரம் பொறுத்துவிட்டு, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரியே பாக்குறீங்களே சார், நடந்து காட்டச் சொல்லணுமா, பாடச் சொல்லணுமா என்றாள். பேசச் சொல்லணும் என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

இன்றைக்கு நாலு மணிக்குப் பரிமளாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நாளைக் காலை ஏழு மணிக்குப் புற்று வைத்த அவள் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். எடுத்துவிடுவார்கள் என்று அந்த டாக்டர் சொன்னதும் நான் மனதுக்குள் அந்த வார்த்தையை அடித்துவிட்டு அகற்றிவிடுவார்கள் என்று எழுதினேன், முப்பது வருஷத் தொழில் புத்தி, மனைவியின் தொண்டைக்கும் அது விதிவிலக்குக் கொடுக்கவில்லை. உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா, மூச்சு கழுத்துல போடற துவாரம் வழியா வரும், பேச்சுக்குப் பயிற்சி தருவாங்க, வேற வழியெல்லாம் இருக்கு என்றார் டாக்டர், நல்ல மனிதர். பரிமளா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டே, அப்ப இனிமே இவருக்கு நிம்மதி டாக்டர் என்றாள். அவர் சிரித்தார், நர்ஸும் சிரித்தாள். ஆறு மாதமாகக் கரகரப்பு. தொண்டை கட்டியிருக்கு என்று சித்தரத்தை, அதிமதுரம், மிளகு ரசம். ஆயத்த ஆடைக் கம்பெனியில் சூப்பர்வைசர், அறுபது தையல் மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே, ஏய் மூணாவது லைனு, காலரு கோணலா வருது பாரு என்று பத்தொன்பது வருஷம் கத்தின குரல், கட்டாமல் என்ன செய்யும் என்று நானும் இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இந்தக் கடையின் ஏசிக் குளிரிலும் காது மடல் சுடுகிறது. வேறு எதையாவது நினை. வேகத்தை நினை. பதினொரு நொடி. என் பழைய போனில் அந்தப் பதினொரு நொடிதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அவள் எழுத்தைத் தட்ட வேண்டும், கருவி அவள் குரலில் பேச வேண்டும், அவள் குரலில், ஏதோ ஒரு பெண் குரலில் இல்லை, அதற்காகத்தான் இத்தனை பாடு. பேசியது. ஆனால் தண்ணி என்று தட்டினால் பதினொரு நொடி கழித்துத் தண்ணி என்றது. பரிமளா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அதுக்குள்ள நானே எழுந்து போய் குடிச்சிட்டு வந்துருவேங்க என்றாள். எங்கள் வீட்டில் இரண்டே பேர். பிள்ளை இல்லை. நான் காலையில் ஆறு மணிக்குப் போய்ச் சேர்வேன், அவள் எட்டுக்குக் கிளம்புவாள், நடுவில் அந்த இரண்டு மணி நேரத்தில் நடக்கிற பேச்சுதான் குடித்தனம். அதில் முக்கால்வாசி சண்டை. பதினொரு நொடி கழித்து வருகிற பதிலை வைத்துக்கொண்டு யாராவது சண்டை போட முடியுமா? கேட்டவன் மறந்துபோய்க் குளிக்கப் போயிருப்பான்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பத்தாவதோடு சரி. இலக்கணமும் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்தது, கம்ப்யூட்டரும் அப்படியே, முதல் பக்கம் அச்சுக்குப் போனபிறகு விடியும்வரை கிடைக்கிற நேரத்தில், படம் வரைகிற பிரிவில் சும்மா கிடக்கிற பெரிய மிஷினில், அனுமதி கேட்டுத்தான். குரலைக் கற்றுக்கொள்கிற நிரல் இலவசமாகவே கிடைக்கிறது, அதற்குத் தீனி வேண்டும், முந்நூறு வாக்கியமாவது அந்த ஆள் படித்துப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. டாக்டர் சொன்ன அன்றைக்கே உட்கார்ந்து முந்நூறு வாக்கியம் எழுதினேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. தமிழில் இருக்கிற எல்லா ஒலியும் வர வேண்டும், எல்லாச் சேர்க்கையும் வர வேண்டும், றகரத்துக்கு எத்தனை, ழகரத்துக்கு எத்தனை என்று கட்டம் போட்டு நிரப்பினேன். எங்கிருந்து எடுப்பேன், என் கையில் இருக்கிறது பேப்பர்தான். மாநகராட்சி எல்லைக்குட்பட்ட பகுதிகளில் குடிநீர் விநியோகம் நிறுத்தப்படும். சாலைப் பணிக்கான ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன. வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு நிலை வலுவிழந்தது. அப்பழுக்கில்லாத முந்நூறு. ஒற்று மிகும் இடத்தில் மிகும், மிகாத இடத்தில் மிகாது. சமையலறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் போர்வை தொங்கவிட்டு, ஒன்பது நாள் காலையில் அவளை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். வேர்த்து வேர்த்துப் படித்தாள். ஒப்பந்தப்புள்ளியா, நான் எந்தக் காலத்துலங்க அப்படிப் பேசினேன் என்றாள். பேசறதுக்கு இல்ல, ஒலிக்கு என்றேன். விஞ்ஞானியையும் அஞ்ஞானத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருந்தேன், ஞகரத்துக்காக. அஞ்ஞானம்னா இன்னாங்க, பலகாரமா என்று கேட்டுவிட்டுச் சிரிக்கப் போய் இருமினாள், அந்தப் பதிவு வீணாகியது, எனக்குக் கோபம் வந்தது. வந்துள்ளனர் என்று எழுதியிருந்தால் வந்துருக்காங்க என்று படிப்பாள். இல்லை, வந்துள்ளனர், திரும்பப் படி. எழுதியிருப்பதை மட்டும் படி. சரியா படி பரிமளா. நேரம் இல்லை பரிமளா. ஏழாவது நாளுக்கு மேல் அவள் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள், நான் தலையாட்டினேன், இப்போதுதான் சரியாக வருகிறது என்று.

ரெஜினா முதல் கருவியை முடுக்குகிறாள். என் மெமரி கார்டைப் போடுகிறேன். கண்ணாடிக் கூடு மாதிரி இருக்கிறதே, அது. விசைகளில் இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் இருக்கிறது, தமிழ் ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் கிடைக்குமா என்றால், இந்தச் சைசுக்கு எறும்பு வந்துதான் சார் ஒட்டணும் என்கிறாள். பரிமளாவின் விரல் நுனி ஊசி குத்திக் குத்திக் காய்த்தது, இந்த விசை அந்த விரலுக்கு உறைக்கவே உறைக்காது, ஒன்றை அமுக்கினால் மூன்று அமுங்கும். போனில் ஒற்றைக் கட்டைவிரலால் தமிழை என்ன வேகத்தில் தட்டுகிறாள், அந்த வேகத்துக்கு இது கூடாது, தொட்டு எழுதுகிற திரைதான் வேண்டும். இருந்தாலும் பார்ப்போம். தண்ணி. மூன்று நொடி. பதினொன்றிலிருந்து மூன்று, சந்தோஷப்பட வேண்டும், படவில்லை, மூன்று நொடியை மனதுக்குள் எண்ணிப் பார்க்கிறேன், ஒன்று, இரண்டு, அதற்குள் பால் பொங்கி வழிந்துவிடும், அதற்குள் பின்னால் ஆட்டோ வந்துவிடும், ஓரமா வாங்க என்று எனக்கு அவள் சொல்ல வேண்டியது மூன்று நொடி கழித்து யாருக்குச் சொல்வது. அதோடு உள்ளே ஒரு குட்டி விசிறி வேறு உர்ரென்று ஓடுகிறது, காதோடு வைத்தால் குளவி. அடுத்தது. பக்கத்தில் நிற்கிற ஆள் கேமரா ஒயர் கேட்கிறார், ரெஜினா அவரை இருங்க என்று கை காட்டுகிறாள். இவளுக்கு ஏன் என் மேல் இத்தனை பொறுமை? பேசச் சொல்லணும் என்றதும் கேட்டுவிட்டாள், எதுக்கு சார் என்று, நானும் சொல்லிவிட்டேன், சொல்லக்கூடாது என்று வந்தவன். நாளைக்கு ஆபரேஷன் என்றதும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உக்காருங்க சார் முதல்ல. அந்த அக்கறைதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. அக்கறை காட்டினால் சீக்கிரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய்விடத் தோன்றும், போய்விடக்கூடாது, இது ஒரு தடவைதான் வாங்குவது, அவள் குரலை எதில் குடிவைக்கப் போகிறோம் என்பதை நின்று நிதானித்துப் பார்க்கத்தான் வேண்டும், வீடு பார்க்கிற மாதிரி. பேட்டரி எவ்வளவு நேரம்? நாலு மணி நேரம் சார். நாலு மணி நேரம். அப்புறம் அவள் ஊமையா? சார்ஜ் போட்டுக்கினே பேசலாம் சார். ஒயரைச் செருகிக்கொண்டு பேசுகிற பரிமளாவை நினைத்துப் பார்க்கிறேன், பிளக் பாயின்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு அவள் என்னை என்னென்ன கேட்பாள் என்று. சிரிப்பு வரவேண்டிய இடம். அடுத்ததை முடுக்கச் சொல்கிறேன்.

விளையாட்டுக் கருவியில் அரை நொடிகூட ஆகவில்லை. தண்ணி என்று தட்டி விரலை எடுப்பதற்குள் தண்ணி என்றுவிட்டது. ரெஜினா கை தட்டினாள், சூப்பர் சார் என்றாள். பேட்டரி முழுப்பகல் வரும் என்கிறாள், ஒலிபெருக்கி முன்பக்கம் பார்த்து இருக்கிறது, திரை தொட்டு எழுதுகிற திரை, மைக் இரண்டு, குமிழை வேண்டாமென்றால் தொடாமல் விட்டுவிடலாம். எல்லாம் சரி. நான் அடுத்ததைத் தட்டுகிறேன். ஏங்க. இதைத்தான் முதலில் தட்டியிருக்க வேண்டும், பயந்துகொண்டு தண்ணியிலேயே நின்றிருந்தேன். ஏங்க என்றது கருவி. அவள் குரல்தான். அந்தக் கரகரப்பு, மூக்கில் லேசாக ஒட்டுகிற அந்த ங, எல்லாம் இருக்கிறது, ஆனால் அது என்னைக் கூப்பிடவில்லை. உள்ளம் ஏங்க, உயிர் உருக என்று யாரோ மேடையில் நின்று செய்யுள் வாசிக்கிற ஏங்க அது. எழுத்து ஒன்றுதான், நான் என்ன செய்ய, இரண்டு ஏங்கவையும் தமிழில் ஒரே மாதிரித்தான் எழுதுகிறோம், கூப்பிடுவதற்கும் ஏங்குவதற்கும் ஒரே வார்த்தை. பரிமளாவிடம் அந்த ஒன்று நாற்பதாக இருந்தது. காஸ் தீர்ந்துபோச்சு என்பதற்கு ஒரு ஏங்க, யாரோ வந்திருக்காங்க என்பதற்குத் தணிந்து ஒன்று, தூங்கிட்டீங்களா என்பதற்கு ஒன்று, கோபம் தணிந்து முதலில் பேசுகிறபோது சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிற ஒன்று, அதில் கடைசி எழுத்து பாதிதான் வெளியே வரும். இதில் ஒன்றே ஒன்று. மறுபடி தட்டுகிறேன், மறுபடி செய்யுள். கேள்விக்குறி போட்டுத் தட்டுகிறேன், செய்யுள் கேள்வி கேட்கிறது. இன்னும் பவரா வேற இருக்கா என்கிறேன். இதுவே டாப்பு சார். இல்ல, இதைவிட. அந்தப் பலகையைப் போடுங்க. அது இதைவிட ஸ்லோ சார், ஒரே சிப்பு, பழைய மாடலு. போடுங்கம்மா. போடுகிறாள். ஏங்க. அதே செய்யுள், முக்கால் நொடி தாமதமாக. சாப்பிட்டீங்களா என்று தட்டுகிறேன், சாப்பிட்டீர்களா என்று கேட்பது போலவே கேட்கிறது, எழுத்து மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் தட்டில் எடுத்து வைக்கிற மாதிரி. ராம் போதவில்லையோ. சிப் போதவில்லையோ. நிரலை அழுத்திச் சின்னதாக்கியிருந்தேன், அதில் கெட்டுவிட்டதோ. வெளியூரிலிருந்து வரவழைக்க முடியுமா, எத்தனை நாள் ஆகும்? பதினஞ்சு நாளு சார். எனக்கு இன்னைக்கு வேணும்! நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது, கேமரா ஒயர்க்காரர் திரும்பிப் பார்க்கிறார். பொருளு மேல கத்தாதீங்க சார், என் மேல வேணா கத்துங்க, எனக்குப் பழக்கம் என்று ரெஜினா சொல்லிவிட்டு, கருவியை என் கையிலிருந்து மெதுவாக, பிள்ளையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொள்கிறாள்.

நான் ஒண்ணு அடிச்சுப் பாக்கட்டா சார் என்கிறாள். விளையாட்டுக் கருவியைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கட்டைவிரலாலும் தட்டுகிறாள். இன்னாடி ரெஜினா, துன்னியா. பரிமளா குரலில் அது வருகிறது. இன்னாடி. ரெஜினா. துன்னியா. வானிலை அறிக்கை. ரெஜினா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறாள், பிறகு சிரிக்காமலே கேட்கிறாள், அக்கா டீச்சரா சார்? இல்லையே, கார்மென்ட்ஸ்ல சூப்பர்வைசர். அப்ப ஏன் சார் நியூஸ் வாசிக்கிறாங்க? நான் பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன். சிப், ராம், அழுத்தம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. நியூஸ்தான் வாசிக்கக் கொடுத்தேன். ஒன்பது நாள் நியூஸ் வாசிக்கக் கொடுத்தேன், மிஷின் அதைத்தான் கற்றுக்கொண்டது, ஒரு எழுத்து பிசகாமல் கற்றுக்கொண்டது, இந்த மிஷினைப் போல ஒரு மெய்ப்புத் திருத்துபவன் கிடைக்கமாட்டான். அவள் பேசியதை நான் பதிவு செய்யவே இல்லை. இல்லை, செய்தேன், அதுதான். செய்தேன். போனில் பதிவு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் அவள் ஏதாவது சொல்வாள். குடிநீர் விநியோகம் நிறுத்தப்படும் என்று படித்துவிட்டு, அப்ப குடத்த எல்லாம் ரொப்பி வெச்சிரணும் என்பாள். நாலு வருஷத்துக்கு முந்தின செய்தி பரிமளா. இருந்தா இன்னா, தண்ணி நிக்கிறது நிக்கிறதுதான். இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணிக்குப் புறப்படும் என்று படித்துவிட்டு, பாவம், எந்த ஊரு என்பாள், யாரோ எவரோ. தாழ்வு நிலை வலுவிழந்தது, அது நம்ம மொட்டை மாடித் துணிய நனைச்சிட்டுத்தானே வலுவிழந்துச்சு. வந்துருக்காங்க. போய்ட்டாங்க. ஐயோ மறுபடியுமா, தப்பாப் படிச்சேனா, நீங்க மூஞ்சிய அப்படி வெச்சா எனக்கு இன்னும் தப்பாத்தாங்க வரும். எல்லாவற்றையும் வெட்டினேன். ராத்திரி ஆபீஸில் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாக்கியத்துக்கு முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு, இருமல், சிரிப்பு, உச்சுக்கொட்டல், கேள்வி, எல்லாம் சுத்தமாக. முந்நூறு வாக்கியம் பளிச்சென்று வந்தது. போனில் இடம் அடைக்கிறதே என்று மூலப் பதிவையும் அழித்தேன். அழித்ததும் குப்பைத்தொட்டியைக் காலி செய்தேன். முப்பது வருஷமாகப் பிழை என்று பட்டதையெல்லாம் அடித்து அடித்துக் கையெல்லாம் சிவப்பு மை, இந்த ஒரு தடவை அடித்தது முழுக்க அவள். மிச்சம் வைத்தது ஒப்பந்தப்புள்ளி.

சார், தண்ணி குடிங்க என்கிறாள் ரெஜினா. பாட்டிலை நீட்டுகிறாள். குடிக்கிறேன். மணி பதினொன்று ஐம்பது. எதை சார் போடட்டும் என்று கேட்கிறாள், இதற்கு மேல் கேட்காமல் இருக்க முடியாத குரலில். மூன்றையும் பார்க்கிறேன். ஒரு மணி நேரமாக என்னை ஆட்டிவைத்த மூன்று கறுப்புப் பெட்டிகள் இப்போது மூன்று கறுப்புப் பெட்டிகளாக இருக்கின்றன. இதில் மைக் எது நல்ல மைக்? விரலால் விளையாட்டுக் கருவியைத் தொட்டுக் காட்டுகிறாள். தூரத்தில் நடந்துகொண்டே பேசினாலும் எடுக்குமா? சமையல் பண்ணிக்கிட்டே? குக்கர் விசிலு அடிச்சாக்கூட எடுக்கும் சார், நான் இதுலதான் வீட்டுக்காரு பேசறத ரெக்கார்டு பண்ணி அவருக்கே போட்டுக் காட்டுவேன். அதைப் போடுங்க. அவள் பெட்டியைத் தேடுகிறாள், பெட்டி வேண்டாம் என்கிறேன், சார்ஜரை மட்டும் கொடுங்க, ஓடுகிற மாதிரியே கொடுங்க. போன் அடிக்கிறது. பரிமளா. எடுக்கிறேன், எடுத்தவுடனே வருகிறது, எங்கங்க இருக்கீங்க, மணி இன்னா ஆவுது, ராத்திரி பூரா முழிச்சிட்டு ஒரு வாய் கஞ்சி குடிக்காம எந்தக் கடை வாசல்ல நின்னுக்கினு இருக்கீங்க, ஆபரேஷன் எனக்கா உங்களுக்கா, நீங்க அங்க மயக்கம் போட்டு வுழுந்தா உங்களப் பாப்பாங்களா என்னப் பாப்பாங்களா, பை எல்லாம் நானே எடுத்து வெச்சிட்டேன், உங்க லுங்கியும் வெச்சாச்சு, பிளாஸ்கு மூடியத்தான் காணல, எங்க வெச்சுத் தொலைச்சீங்க. குரல் நடுவில் உடைகிறது, காற்று மட்டும் வருகிறது, செருமிக்கொண்டு மறுபடி பிடிக்கிறாள். ஏதோ உருண்டு விழுகிற சத்தம். சொல்லுங்களேன், ஊமையா நீங்க? சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொள்கிறாள். பரிமளா, அந்த முந்நூறும் தப்பு என்கிறேன். எது, நான் படிச்சதா? இல்ல, நான் எழுதினது. நான் இப்பக் கிளம்பி வரேன், ஒரு மணிக்கு வந்துருவேன், வந்ததும் நீ பேசணும், அதைத்தான் மிஷின் கத்துக்கணும், படிக்க வேணாம், ஒண்ணையும் படிக்க வேணாம், உன் பாட்டுக்குப் பேசு, நான் ஒண்ணும் வெட்டமாட்டேன். என்னத்தங்க பேசறது திடீர்னு? திட்டு. உங்களையா? என்னைத்தான், கல்யாணம் ஆனதுலேர்ந்து எதுக்கெல்லாம் திட்டணுமோ எல்லாத்துக்கும் திட்டு, திட்டினதையே திட்டினாலும் பரவாயில்ல. ரெஜினா கருவியின் மேல் இருந்த பிளாஸ்டிக் தாளை உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். போனில் மூச்சு கேட்கிறது, அவள் மூச்சு, இன்னும் மூக்கு வழியாக வருகிறது. எத்தனை மணிக்குக் கிளம்பணும் ஆஸ்பத்திரிக்கு என்று கேட்கிறாள். மூணு மணிக்கு. அப்ப ரெண்டு மணி நேரம் இருக்கு. ஆமா, ரெண்டு மணி நேரம் இருக்கு.

"ரெண்டு மணி நேரம் எந்த மூலைக்குங்க?"